சாரல் ஊருக்கு ஏற்ற ஜன்னல் திரை

குற்றாலத்தில் மாலை வெயிலுக்கு ஆயுசு குறைவு. மேற்கே திரிகூடமலை நிற்பதால், நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. கிழக்கே அப்படி மறைப்பு எதுவும் இல்லை. மேலகரம், இலஞ்சி, தென்காசி என்று வயலும் சமவெளியுமாக விரிந்து கிடக்கிறது. ஆகவே இங்கே வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் கிழக்கு ஜன்னல்தான்.

அந்த ஜன்னலுக்கு இப்போது பலரும் போடுவது வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ். வங்கிக் கிளைகள், மருத்துவமனைகள், கணினி அலுவலகங்கள், குற்றாலத்து விடுதிகள் என்று பரவி, வீடுகளுக்கும் வந்துவிட்டது. நான்கு அங்குல அகலப் பட்டைகள் நெட்டுக்குத்தாகத் தொங்கும். ஒரு செயினை இழுத்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். அழகுக்காகவே வாங்குகிறவர்கள் அதிகம். ஆனால் இந்த ஊரின் வானமே இதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறது.

தென்காசி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 டிகிரியில் இருக்கிறது. இவ்வளவு தெற்கே உள்ள ஊரில் சூரியன் பக்கவாட்டில் அதிகம் நகராமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில் நேர் கிழக்கில் உதிக்கும் சூரியன் மூன்று மணி நேரத்தில் வானத்தின் பாதி உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் தெற்கே விலகியிருப்பது சுமார் 9 டிகிரிதான். ஜூன் கடைசியில் இன்னும் விசேஷம். கிழக்கிலிருந்து வடக்கே 24 டிகிரி தள்ளி உதிக்கும் சூரியன், மூன்று மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய அதே திசையில்தான் நிற்கிறது. படுக்கைவாட்டில் பட்டை உள்ள திரையாக இருந்தால், வெளிச்சத்தை இழக்காமல் வெயிலை மட்டும் தடுக்க, சூரியன் ஏற ஏறச் சாய்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெட்டுவாட்டுப் பட்டைக்கு உயரம் பொருட்டல்ல, திசைதான் கணக்கு. ஜூனில் பட்டைகளின் இடைவெளி தென்கிழக்குப் பார்க்கவும் டிசம்பரில் வடகிழக்குப் பார்க்கவும் திருப்பி வைத்தால், காலை முழுவதும் தொட வேண்டியதில்லை. வெயில் நிற்கும், வெளிச்சம் வரும். தெற்கு ஜன்னலுக்கு இந்தச் செலவே வேண்டாம். உச்சி வெயில் உயரத்திலிருந்து விழுவதால், நல்ல சன்ஷேடு ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் எந்தத் திரையும் வெப்பத்தை முழுதாகத் தடுக்காது. ஒளியாகக் கண்ணாடியைத் தாண்டிய ஆற்றலைப் பட்டை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிர் நிறப் பட்டை ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நம் வீடுகளில் தாழ்வாரத்துக்கு வெளியே கட்டிய மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்தின. வெப்பத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இன்றைக்கும் தட்டியே மேல்.

வெர்ட்டிகல் பிளைண்ட்ஸின் உயிர் மேலே இருக்கும் அலுமினியச் சேனலுக்குள் இருக்கிறது. பட்டைக்கு ஒன்றாக அதில் ரன்னர்கள் ஓடுகின்றன. எல்லா ரன்னர்களையும் துளைத்துக்கொண்டு, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய நீண்ட கம்பி ஒன்று போகிறது. மணிச் செயினை இழுத்தால் கம்பி சுழலும். ஒவ்வொரு ரன்னரிலும் உள்ள சிறு திருகுப் பல்சக்கரம் அந்தச் சுழற்சியை வாங்கிக் கொக்கியைத் திருப்பும். கொக்கியில் தொங்கும் பட்டையும் திரும்பும். ரன்னர்களை ஒருபக்கமாக ஒதுக்குவது தனிக் கயிற்றின் வேலை. பட்டையின் அடியில் தகடு போல ஒரு வெயிட்; வெயிட்டுகளைக் கோத்துக்கொண்டு மெல்லிய அடிச் செயின்.

இந்த அமைப்பு புரிந்தால் பாதிப் பழுது வராது. பட்டைகள் மூடிய நிலையில் ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி நிற்கும். அப்போது கயிற்றை இழுத்தால் விளிம்புகள் மாட்டிக்கொண்டு, பட்டையின் மேல் துளை கிழியும் அல்லது கொக்கி ஒடியும். முதலில் செயினை இழுத்துப் பட்டைகளை ஜன்னலுக்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும், பிறகே ஒதுக்க வேண்டும். ஒரு பட்டை மட்டும் கோணலாக நின்றால் ஆளைக் கூப்பிட வேண்டாம். செயினை ஒரு பக்கம் கடைசி வரை இழுத்து, மறுபக்கமும் கடைசி வரை இழுங்கள். பல ரன்னர்களில் எல்லையைத் தொட்டதும் வழுக்கி வரிசைக்கு வரும் ஏற்பாடு உண்டு. துளை கிழிந்த பட்டையை எறியவும் வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் அட்டையில் சிறு துண்டு வெட்டி, துளை போட்டு, கிழிந்த இடத்தில் ஒட்டினால் வருடக்கணக்கில் தாங்கும்.

சமவெளி ஊர்களில் இதோடு முடிந்துவிடும். இங்கே சாரல் சீசனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே குறுகி, வேகம் கூடி இறங்குகிறது. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் காரணம் அதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பட்டைகளை மூடி வைத்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு பாய்மரம். முதலில் அடிச் செயின் அறும், பிறகு கொக்கி போகும். காற்று வேண்டுமென்றால் பட்டைகளை முழுதாக ஒதுக்கிவிட்டே ஜன்னலைத் திறக்க வேண்டும்.

சாரலின் ஈரம் மெதுவாக வேலை செய்கிறது. காற்றின் ஈரப்பதம் நாட்கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டி நின்றால் துணியில் பூசணம் பிடிக்கும். பட்டைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். பூஞ்சை அதை எளிதில் தின்னாது. அது தின்பது துணியில் படிந்த தூசியையும் அழுக்கையும். ஆகவே சாரல் தொடங்குவதற்கு முன் தூசியை எடுத்துவிட்டால், பூஞ்சைக்குப் பாதி உணவு கிடைக்காது. பட்டைகளை மூடி ஒரே பலகை போலாக்கி, உலர்ந்த மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். திருப்பி மறுபக்கமும் அப்படியே. கறைக்குச் சிறிது சோப்பு நீர் போதும். துணியை விறைப்பாக நிறுத்தும் பசை கரையும் என்பதால் வாஷிங் மெஷினில் போடக் கூடாது. ஈரத்தோடு மூடி வைக்கவும் கூடாது. அருவியை ஒட்டிய விடுதிகளுக்குத் துணியைவிடக் கழுவித் துடைக்கக்கூடிய பிவிசி பட்டையே பொருத்தம். ஆனால் வெயிலில் நைந்து மேலே மாவு போலப் பொடி உதிரும் பழைய பிவிசி பட்டையை வைத்திருக்காதீர்கள். சில மலிவான வினைல் (பிவிசி) திரைகளில் சேர்த்த ஈயம் வெயிலில் பொடியாக வெளிவருவதை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் எச்சரித்தது.

சேனல் இறுகினால் தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் விடுவது நம் வழக்கம். வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறாக்கி ரன்னரை அடைத்துவிடும். தூசியைத் துடைத்த பிறகு சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

இவையெல்லாம் பொருளைக் காக்கும் யோசனைகள். உயிரைக் காக்கும் விஷயம் வேறு. செயினும் கயிறும் பெரும்பாலும் வளையமாகத் தொங்குகின்றன. அமெரிக்காவில் இப்படி ஜன்னல் திரைக் கயிறுகளில் கழுத்து மாட்டி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. சின்னக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்துத் தசை வலுவற்றது, மூச்சுக்குழாய் மென்மையானது. வளையத்தில் சாய்ந்தால் தானாக மீள முடியாது, கத்தவும் முடியாது. சில நொடிகளில் நினைவு தப்பும். இரண்டு மூன்று நிமிடத்தில் உயிர் போகும். பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்குக்கூடச் சத்தம் கேட்காது. அதனால்தான் அங்கே கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் கைக்கு எட்டும் நீளக் கயிறே இருக்கக் கூடாது என்ற தரவிதி 2018 இறுதியில் வந்தது. அளவெடுத்துச் செய்யும் திரைகளுக்கும் 2024 ஜூனில் விதி இறுகியது.

சீசனுக்கு வரும் குடும்பங்கள் விடுதி அறையில் கட்டிலை ஜன்னல் ஓரம் தள்ளிப்போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைப்பது சகஜம். கட்டிலில் ஏறி நிற்கும் குழந்தைக்குச் செயின் வளையம் சரியாகக் கழுத்து உயரத்தில் வரும். விடுதி நடத்துகிறவர்கள் சீசனுக்கு முன் ஒவ்வொரு அறையிலும் செயினை இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைச் சுவரில் திருகிவிட வேண்டும். கயிற்றைச் சுற்றி வைக்கத் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் ஒரு கொக்கி அடிக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் வளையத்துக்குப் பதிலாகக் கைக்கோல் வைத்த மாடலையும், அடிச் செயின் இல்லாத வெயிட்டையும் கேட்டு வாங்குங்கள். அறைக்குள் நுழையும் பெற்றோர் கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்திப் போட்டு, கயிற்றை உயரத்தில் முடிந்த பிறகே பிள்ளைகளை இறக்கிவிடுங்கள்.