முதுகலைக்கு ஒரே ஒரு கருவி என்றால்

2011இல் இருபதே நாள் இடைவெளியில் மாணவருக்கு எந்தக் கருவி என்ற ஒரே கேள்விக்கு இரண்டு அரசுகள் இரண்டு விடை சொல்லின. செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 5 அன்று மத்திய அரசு தில்லியில் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தது. ஏழு அங்குலத் திரை, 256 எம்.பி. நினைவகம், அதுவும் அழுத்தித் தொட்டால்தான் கேட்கும் திரை. சில ஆண்டுகளில் ஆகாஷைப் பற்றிய பேச்சே அடங்கிப்போனது. மலிவாகச் செய்ததால் தோற்றதே தவிர டேப்லெட் என்பதால் தோற்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அது நியாயம்தான். இன்றைய டேப்லெட் வேறு ரகம். அதனால்தானோ என்னவோ, 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி டேப்லெட்டோ லேப்டாப்போ தரப்படும் என்றது. பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது லேப்டாப்புக்குத்தான். இளங்கலை மாணவர்கள் விஷயத்தில் இதை எந்தப் பக்கமும் வாதிடலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ முதுகலையும் ஆய்வும் செய்கிறவரிடம் ஒரு கருவிதான் இருக்கும் என்றால், அது லேப்டாப்பாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

டேப்லெட்டின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ பஸ் மாறிக் கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறவருக்கு, அரைக்கிலோவுக்கும் சார்ஜரோடு இரண்டு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளில் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவை. லேப்டாப்பின் அகலத் திரையில் அவற்றை அரைப்பக்கமாக உருட்டிக்கொண்டிருப்பதைவிட, டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்து முழுப் பக்கமாகப் படிப்பது சுகம். பேனாவால் குறிப்பும் எழுதலாம். கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பதற்கு 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள்: லேப்டாப்பில் தட்டியவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிந்துகொண்டார்கள், கருத்தைக் கேட்டபோது பின்தங்கினார்கள். ஆனால் 2019இலும் 2021இலும் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. தவிர, கையெழுத்துதான் காரணம் என்றால் அதற்குக் காகித நோட்டே போதுமே.

முதுகலையின் கடைசிப் பருவத்தில் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. அதுவரை படித்தவர் இனி செய்து காட்ட வேண்டும். கோழித்தீவனச் சோதனையின் எடைக் கணக்குகளை அலச எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் வேண்டும். நிலவியல் மாணவருக்கு வரைபடம் போட க்யூஜிஸ் வேண்டும். இவையெல்லாம் கணினிக்கென்று எழுதப்பட்டவை; பெரும்பாலான டேப்லெட்டுகளில் முழு வடிவில் ஓடுவதில்லை. ஆய்வேடு என்பதும் வெறும் தட்டச்சு வேலை அல்ல. அடிக்குறிப்பு, பொருளடக்கம், அட்டவணை எண், நெறியாளர் போட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்பதும் தள்ளுவதும் என்று நீளும். தமிழில் எழுதுகிறவருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. டி.டி.பி. சென்டர்களில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அங்கிருந்து வரும் கோப்பை டேப்லெட்டில் திறந்தால் பெரும்பாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். லேப்டாப் என்றால் அந்த எழுத்துருவை நிறுவிக்கொண்டு, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, மிஞ்சும் பிழையைக் கையால் திருத்தலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறுகிற காலத்தில், தேடினால் அகப்படாத எழுத்துருவில் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதி வைப்பதில் என்ன பயன்?

விசைப்பலகை மாட்டிக்கொண்டால் டேப்லெட்டும் லேப்டாப்தானே என்பார்கள். தட்டுவதற்கு ஆகும், சரி. நல்ல டேப்லெட்டும் பேனாவும் விசைப்பலகையும் சேர்த்து விலை பார்த்தால், நடுத்தர லேப்டாப்பைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். மென்பொருள் சிக்கல் அப்படியே இருக்கும். ஆர் போன்றவற்றை இப்போது உலாவியிலேயே இணையம் வழி ஓட்டலாமே என்பது இதைவிட வலுவான வாதம். ஓட்டலாம்தான். ஆனால் இலவசக் கணக்குகளில் நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு உண்டு. சிக்னல் சரியாக எட்டாத ஊரிலிருந்து வேலை செய்கிறவர் அதை நம்பித் தேதி குறிக்க முடியாது. பழுது பார்ப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்புகளில் பேட்டரியையும் வன்தட்டையும் மாற்றலாம். பசை போட்டு ஒட்டிய டேப்லெட்டைத் திறப்பதே பெரும்பாடு. பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் லினக்ஸ் ஏற்றி ஆய்வேட்டை முடித்துவிடலாம்.

டேப்லெட் ஜெயிக்கும் இடம் களம். பள்ளிபாளையத்தில் விசைத்தறி வீடுகளில் கேள்வித்தாளோடு அலையும் சமூகவியல் மாணவருக்கு, கோபோ, ஓ.டி.கே. போன்ற செயலிகள் இணையமே இல்லாமல் விடைகளை வாங்கிக்கொள்ளும், இடத்தையும் குறித்துக்கொள்ளும். இரவில் உட்கார்ந்து படிவங்களைத் திரும்பத் தட்ட வேண்டாம். செட்டிச்சாவடி மேக்னசைட் வெட்டுகளில் பாறை எல்லையைக் குறிக்கிறவர் லேப்டாப்பை விரித்து எங்கே வைப்பார்? ஆனால் களப்பணி சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்காக ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டுமா? துறைக்கு நாலைந்து டேப்லெட்டுகள் வாங்கி, நூலகப் புத்தகம் போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் கொடுத்தால் போதும். அதற்கு ஆகும் செலவு, ஒரு கருத்தரங்கின் சாப்பாடும் பேனரும் சேர்ந்த கணக்கைப் பெரிதாகத் தாண்டாது.