சுக்கிர ஓரையும் கேமத்துருமமும்

ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமி. திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு கிரிவலம் கிளம்பத் தயாராக இருந்தேன். மாமா விடவில்லை. "இரு மாப்ள, எட்டு மணிக்கு சுக்கிர ஓரை வருது, அப்ப கிளம்பலாம்" என்றார். 14 கிலோமீட்டர் நடக்க வேண்டியவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் வரிசையாக இருந்தன.

அந்த ஓரையும் நம் கைக்கடிகாரம் காட்டும் 'ஹவர்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் பருவம், காலம், பிறகு ஒரு நாளின் பகுதி. அது லத்தீன், பிரெஞ்சு வழியாகப் போய் 'ஹவர்' ஆனது. சமஸ்கிருத 'ஹோரா' வழியாக இங்கே வந்து 'ஓரை' ஆனது. 'ஹோராஸ்கோப்'பிலும் இதே ஹோராதான். 'ஸ்கோபோஸ்' என்றால் கவனிப்பவர். டெலஸ்கோப், மைக்ராஸ்கோப்பில் வருவதும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். கிரேக்க சோதிடர்கள் பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் புள்ளியை 'ஹோரோஸ்கோபோஸ்' என்றார்கள். நம்ம ஊர் பாஷையில் லக்னம்.

ஞாயிறுக்கு அடுத்து ஏன் திங்கள் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பதில் ஓரையில் இருக்கிறது. வானில் நகரும் வேகத்தை வைத்து, மெதுவானதில் தொடங்கி ஏழு கிரகங்களையும் இப்படி அடுக்கினார்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 29½ வருஷம். சந்திரனுக்கு 27 நாள் சொச்சம். ஞாயிறு காலை முதல் மணி நேரம் சூரிய ஓரை. அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். இப்படியே சுற்றினால் 22ஆவது ஓரை சூரியன், 23 சுக்கிரன், 24 புதன். 25ஆவது, அதாவது மறுநாள் முதல் ஓரை, சந்திரன். அதனால் திங்கள். அங்கிருந்து இன்னொரு 24 தள்ளினால் செவ்வாய். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், சனி வரை பிசகாமல் வரும். பகலையும் இரவையும் பன்னிரண்டாகப் பிரித்தது எகிப்து; கோள்களை நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துக் குறித்து வைத்தது பாபிலோன். கிரேக்கர்கள் இரண்டையும் சேர்த்தார்கள். லண்டனில் 'சாட்டர்டே' சனிக்கு உரிய நாளாக இருப்பதும் இங்கே அதே நாள் சனிக்கிழமையாக இருப்பதும் அதனால்தான்.

'ஓரை நம்ம சொல்தான்' என்று சொல்பவர்கள் உண்டு. சங்கப் பாட்டுகளில் ஓரை என்றால் பெண்பிள்ளைகளின் விளையாட்டு, அது உண்மை. ஆனால் தொல்காப்பியத்தில் அது 'நாள்' என்பதோடு சேர்ந்து வருகிறது. காலப் பொருள் கொள்ளத்தான் தோன்றுகிறது. இந்தச் சொல்லை ஒரு சான்றாக வைத்துத்தான் எஸ். வையாபுரிப்பிள்ளை தொல்காப்பியத்தின் காலத்தைப் பின்னால் கொண்டுவந்தார், வாங்கிக் கட்டியும் கொண்டார். ஒரு சொல்லை வைத்து ஒரு முழு நூலுக்கு வயசு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தச் சொல் கிரேக்கம் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

வடக்கேயும் இதே தகராறுதான். 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரர், 'அஹோராத்ர' என்பதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் விழுந்து 'ஹோரா' ஆனதாகச் சிலர் சொல்வதைப் பதிவு செய்கிறார். ஆனால் அதே மனிதர் ராசிகளுக்குக் 'க்ரிய', 'தாவுரி', 'லேய' என்றும் பெயர் தருகிறார். கிரேக்கத்தின் க்ரியோஸ், டவ்ரோஸ், லெயோன் தான் இவை: ஆடு, காளை, சிங்கம். யவனர்கள் மிலேச்சர்கள்தான், ஆனாலும் இந்த சாஸ்திரம் தெரிந்ததால் ரிஷிகளைப் போல மதிக்கத்தக்கவர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஒரு சொல் என்றால் தற்செயல் எனலாம். ஜாதகத்தில் 1, 4, 7, 10ஆம் இடங்களைக் கேந்திரம் என்கிறோமே, அது கிரேக்க 'கென்ட்ரான்'. முதலில் மாடு ஓட்டும் தார்க்குச்சியின் முள். பிறகு வட்டம் போடும் காம்பஸின் ஊன்றிய முனை. ஆங்கிலத்தில் 'சென்டர்' ஆனது. (கேந்திரிய வித்யாலயாவில் இந்தியை எதிர்க்கிறவர்கள் கொஞ்சம் கிரேக்கத்தையும் எதிர்க்க வேண்டியிருக்கும்.) சந்திரனுக்கு இரண்டாம் இடத்தில் சூரியன் அல்லாத கிரகம் இருந்தால் சுனபா யோகம். அது 'சுனஃபே', சேர்க்கை. இதே வினைச்சொல்லிலிருந்துதான் 1897இல் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு 'சைனாப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

சந்திரனுக்கு இரண்டு பக்கமும் கிரகம் இல்லையென்றால் கேமத்துருமம். பெயரைக் கேட்டாலே பயம் வரும். வறுமை, தனிமை என்றெல்லாம் சொல்லிப் பரிகாரத்துக்குப் பட்டியல் கொடுப்பார்கள். மாமா பெண்ணுக்கு வந்த ஒரு நல்ல வரன் இந்த ஒரு வார்த்தையால்தான் தட்டிப்போனது. அது கிரேக்க 'கெனோட்ரோமியா'. கெனோஸ் என்றால் வெறுமை, ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். சந்திரன் யாரையும் சந்திக்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான். டாக்டர் எழுதும் 'சிண்ட்ரோம்' இருக்கிறதே, சேர்ந்து ஓடுவது, அதிலும் இதே ட்ரோமோஸ்.

நிருதி லிங்கம் தாண்டும்போது இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"வெறும் ஓட்டமா? அதுக்கா அந்தப் பையன் வீட்டுல வேண்டாம்னாங்க?"

"ஆமா மாமா."

"அப்ப ஓரையும் பார்க்க வேண்டாங்கிறியா?"

"அது உங்க இஷ்டம். நான் வார்த்தைக்கு அர்த்தம்தான் சொன்னேன்."