இயங்காத கணினி: பழுது எங்கே, பொறுப்பு யாருக்கு?

மேசைக் கணினி இயங்க மறுப்பதில் பல வகை உண்டு. பொத்தானை அழுத்தியும் விளக்கு, விசிறி எதுவும் அசையாமல் கிடப்பது ஒன்று. விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுவது இன்னொன்று. விசிறி ஓடியும் திரை கறுப்பாகவே இருப்பது, சில நிமிடம் ஓடித் தானே அணைந்துபோவது, நாலைந்து முறை அழுத்திய பிறகே உயிர் பெறுவது ஆகியவை வேறு வேறு பழுதுகளின் அடையாளங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் "போர்டு போயிடுச்சு" என்ற ஒரே தீர்ப்புத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பி ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் பெட்டியைச் சுமப்பதற்கு முன், பழுது எந்த இடத்தில் என்று பார்ப்பது அவசியம். மின்கம்பியில் என்றால் பொறுப்பு மின்வாரியத்துக்கு. வீட்டு வயரிங்கில் என்றால் வீட்டுக்காரருக்கு. வாங்கிய பாகத்தில் என்றால் விற்றவருக்கும் தயாரித்தவருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். வீட்டுக்கு வர வேண்டிய அழுத்தம் 230 வோல்ட். அது 6 விழுக்காடு கூடலாம், குறையலாம்; அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மின்கம்பிகள் காப்பித் தோட்டங்களுக்குள், நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் வளர்த்த சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே போகின்றன. மழைக்காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்தடை மட்டும்தான் வரும் என்று எண்ணக் கூடாது. மும்முனைக் கம்பியில் நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், ஒரு வீட்டில் விளக்கு மங்கும். பக்கத்து வீட்டில் கண் கூசும்படி எரியும். அந்த இரண்டாவது வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். விளக்கு வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தால் மெயின் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். யோசிக்க அப்போது நேரமில்லை.

இத்தகைய அதிர்ச்சியை முதலில் வாங்குவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி. அதற்குள் இருக்கும் பியூஸும் வேரிஸ்டரும் தாம் எரிந்து மற்றவற்றைக் காக்கும்படி வைக்கப்பட்டவை. ஆகவே பல நேரங்களில் மதர்போர்டு பிழைத்திருக்கும். வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பொருத்திப் பார்க்காமல் போர்டு போனதாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை. இடி மின்னல் நேரத்தில் ஸ்பைக் பஸ்டரின் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். இணைய மோடத்திலிருந்து வரும் கேபிளையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மலைவீடுகளில் கவனிக்கப்படாத இன்னொன்று எர்த். கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுப்பதைப் பலர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது இயல்பல்ல. எஸ்.எம்.பி.எஸ்ஸில் உள்ள வடிகட்டி சிறு கசிவு மின்சாரத்தை எர்த் கம்பிக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பே வழங்கல் மின்னழுத்தத்தில் பாதி அளவுக்கு ஏறி நிற்கும். அந்த மெல்லிய கசிவு பொதுவாக உயிரைப் பறிக்காது. ஆனால் உள்ளே உண்மையான கசிவு ஏற்படும் நாளில் காக்க எர்த் இல்லை என்ற எச்சரிக்கை அது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகுவதும் இதே ஆபத்துத்தான். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை மலை. மண் ஆழமில்லாத இடத்தில், கோடையில் ஈரம் வற்றியதும், எர்த் குழியின் மின்தடை கூடிவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தை அளக்கச் செய்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் கணினியைவிட அதில் வேலை செய்பவரைக் காக்கும்.

பிறகு பனி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியே அறைக்குள் வரும் ஊர் ஏற்காடு. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் தூசியும் ஈரமும் சேர்ந்து போர்டின்மேல் மெல்லிய மின்பாதையாகும். இணைப்பு முனைகள் களிம்பேறும். விடுமுறைக்குப் பின் பள்ளிக் கணினி முதல் அழுத்தலில் எழாமல் போவதற்கு இது ஒரு காரணம். பிளக்கைக் கழற்றி, உலர்ந்த அறையில் சில மணி நேரம் வைத்த பிறகே மீண்டும் முயல வேண்டும். வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையரால் சூடேற்றுவதும் கேடு. பனி மாதங்களில் அன்றாடம் சிறிது நேரம் இயக்கினால் உள்வெப்பமே ஈரத்தை விரட்டும். கதகதப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் குடியேறுவதும் உண்டு.

வாரண்டி இருக்கும் கணினியின் மூடியைத் திறக்காமல் நிறுவனத்துக்குத் தகவல் தருவதே முறை. வாரண்டி முடிந்தது என்றால் எளியதிலிருந்து தொடங்கலாம். அதே சுவர்ப் பிளக்கில் வேறொரு கருவி வேலை செய்கிறதா? யு.பி.எஸ்ஸை விலக்கி நேரடியாக இணைத்தால் இயங்குகிறதா? பெட்டியின் பின்புறச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? இவற்றில் தீராவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தபின் மூடியைத் திறக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது. அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கலாம்.

விசிறி ஓடித் திரை வராவிட்டால், அல்லது பீப் ஒலி விடாமல் கேட்டால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்துத் திரும்ப அழுத்திச் செருகுவது பாதி மருத்துவம். தேதியும் நேரமும் பின்னுக்குப் போனால் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும். சில நிமிடத்தில் அணைந்தால் பிராசசர் விசிறியின் தூசியைப் பார்க்க வேண்டும். போர்டில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால்தான் போர்டின்மீது சந்தேகம் வலுப்படும்.

கடைக்குக் கொடுக்கும்போது காகிதம் முக்கியம். தேதி, பாகங்களின் வரிசை எண், சொல்லப்பட்ட குறை, மதிப்பீட்டுத் தொகை எழுதிய ரசீது கையில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மின்பழுதுக்கு ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யத் தேவையே இல்லை. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுப்பது நல்லது. குடும்பப் படங்களும் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அது குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். தீராவிட்டால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கணினியை இணையவழியில் வாங்கியிருந்தாலும், விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்றாலும், சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் சிறு கணினி மையம் நடத்துபவரை அது நுகர்வோராகவே மதிக்கிறது. தெரியாமல் உரிமையை விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

பழுது மின்கம்பியிலிருந்து வந்தது என்றால் வழி வேறு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் உடனே புகார் பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் அண்டை வீடுகளிலும் கருவிகள் எரிந்திருந்தால் சேர்ந்து எழுதிக் கொடுப்பது வலுவான சான்று. பழுதுபார்ப்பவரிடம் "அதிக மின்னழுத்தத்தால் எரிந்தது" என்று எழுதி வாங்குவதும் உதவும். பிரிவு அலுவலகத்தில் பதில் இல்லையென்றால், மின்சாரச் சட்டம், 2003-இன் 42-ஆம் பிரிவின்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன்பின் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். மின்வழங்கலும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவையாகச் சொல்லப்பட்டிருப்பதால் மாவட்ட ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

உண்மையிலேயே செத்துப்போன போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் தோட்டத்துப் பள்ளத்தில் வீசக் கூடாது. அவற்றின் ஈயம் ஓடை நீரில் கலக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் அவற்றை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் கடமையைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.