கட்டுப் பிரித்த கை

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் மழை பிடித்துவிட்டால் தேயிலைச் சரிவும் கேரட் காட்டு வரப்பும் வழுக்கும். சறுக்குகிறவர்கள் கையை ஊன்றி விழுவார்கள்; உடைவது பெரும்பாலும் மணிக்கட்டு. மாவுக்கட்டோடு ஏறக்குறைய ஆறு வாரம். கட்டைப் பிரித்ததும் "எலும்பு கூடிருச்சுல்ல, வேலைக்குப் போகலாமே" என்பார்கள். பறித்த கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் மூளையும் அந்தக் கையை இயக்கிப் பழகாமல் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோ டோசன்பாக்கின் குழு இதைத் தங்கள் மேலேயே சோதித்தது. எலும்பு முறியாத மூன்று பேர், டோசன்பாக்கும் அவர்களில் ஒருவர், அதிகம் புழங்கும் கைக்கு இரண்டு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு அன்றாடம் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. கட்டிய கையை இயக்கும் மூளைப் பகுதி, மறு கையின் பகுதியோடு கொண்டிருந்த ஒத்திசைவை 48 மணி நேரத்துக்குள்ளேயே இழக்கத் தொடங்கியிருந்தது. கொழுந்து பறிப்பதோ இரு கையும் ஒரே வேகத்தில் ஓடும் வேலை. இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரல் தானாகக் கிள்ள வேண்டும். ஒரு கை பின்தங்கினால் கூடை நிறையாது.

அதே குழு 2021-ல் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஓய்ந்த அந்தப் பகுதி, எதை எப்போது செய்வது என்று திட்டமிட்டுச் செயலைத் தொடங்கிவைக்கும் வலையமைப்போடு முன்பைவிட நெருங்கியது. சும்மா கிடந்த நரம்புச் சுற்றுகளில் இடையிடையே துடிப்புகளும் எழுந்தன. கைக்கான வழியை மூளை அழித்துவிடாமல் தயார்நிலையில் வைத்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கட்டைப் பிரித்துக் கையைப் புழங்கியதும் பழைய இணைப்புகள் திரும்பின.

கட்டு இருக்கும்போதே செய்யக்கூடியதும் உண்டு. 2014-ல் ஓஹையோ பல்கலைக்கழகத்தின் பிரையன் கிளார்க் குழு, நல்ல நிலையில் இருந்தவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிவைத்தது. அசைக்காமலே, மணிக்கட்டை இறுக்குவதாக மனதில் பயிற்சி செய்தவர்களின் வலு இழப்பு மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்.

இந்த மனப் பயிற்சியைக் கட்டுப் போடும் நாளிலேயே மருத்துவமனையில் சொல்லி அனுப்ப வேண்டும். வெளியே தெரியும் விரல்களை எப்படி, எத்தனை முறை அசைப்பது என்பதையும் செய்து காட்ட வேண்டும். கட்டுப் பிரித்த முதல் வாரங்களில் சரிவில் ஏற்றாமல், கேரட் தரம் பிரிப்பது போன்ற வேலையைக் கூலி குறைக்காமல் தோட்ட உரிமையாளர்கள் தர வேண்டும்.