இக்காரி மீனும் ஈத்தூண்டிலும்

மீன் பிடிப்போர் இரு வகையினர். வயிற்றுக்காகப் பிடிப்போர் ஒரு வகை. பொழுதுபோக்கிற்காகப் பிடிப்போர் மற்றொரு வகை. முன்னவர்க்கு வலை நிறைந்தால் மகிழ்ச்சி. பின்னவரோ பல்லாயிரம் மைல் பறந்து சென்று, நாள் முழுவதும் முழங்கால் அளவு நீரில் வெயிலில் நின்று, அரும்பாடுபட்டுப் பிடித்த மீனை மீண்டும் கடலிலேயே விட்டுவிட்டு மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர். கேட்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஒரு தீவில் இவ்விந்தையே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

பெயரின் கதை

அத்தீவின் பெயர் கிரிடிமாட்டி. ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் 1777ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தார். பண்டிகையை அங்கேயே கழித்தமையால் ‘கிறிஸ்துமஸ் தீவு’ என்று பெயரிட்டார். கில்பர்ட்டுத் தீவினரின் மொழிக்கு வகுக்கப்பட்ட எழுத்து முறையில் ஸகரத்திற்குத் தனி எழுத்து இல்லை. ‘டி’ என்று எழுதுவதையே ‘ஸ்’ என்று ஒலிப்பர். ஆகவே எழுத்தில் கிரிடிமாட்டியாக இருப்பது ஒலிப்பில் ‘கிரிஸ்மஸ்’ ஆகிறது. அத்தீவு அடங்கிய நாட்டின் பெயரும் அவ்வாறே எழுத்தில் ‘கிரிபாட்டி’, ஒலிப்பில் ‘கிரிபாஸ்’. ‘கில்பர்ட்ஸ்’ என்னும் பெயரே அவர்கள் நாவில் இவ்வாறு திரிந்தது. பிறமொழிப் பெயரைத் தம் மொழியின் ஒலிக்கு இசைய மாற்றிக்கொள்வது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று.

சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டு, 1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறிய கிறிஸ்துமஸ் தீவு வேறு. அது இந்துமாக்கடலில் உள்ளது. பசிபிக்கில் உள்ள இத்தீவோ, நிலப்பரப்பால் உலகிலேயே மிகப் பெரிய வளையப் பவளத்தீவு. 1957, 1958ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும், 1962இல் அமெரிக்காவும் இத்தீவுப் பகுதியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. 1979இல் கிரிபாஸ் விடுதலை பெற்றது. குண்டுச் சோதனையால் பெயர் கேட்டிருந்த தீவு, 1980களில் தூண்டிற்காரர்களின் யாத்திரைத் தலமாயிற்று. அதற்குக் காரணம் ஒரு மீன்.

அதன் பெயர் இக்காரி. முள் மிகுந்த மீன் ஆதலின் ஆங்கிலேயர் அதனைப் ‘போன்ஃபிஷ்’ என்பர். இரண்டு முதல் ஐந்து இராத்தல் எடையுள்ளவையே பெரும்பாலும் அகப்படும். உருவில் சிறிதாயினும் ஓட்டத்தில் இதற்கு ஒப்பான மீன்கள் சிலவே. தூண்டில் முள் தைத்தவுடன் நூறு கெஜம் தொலைவு ஒரே மூச்சில் பாய்ந்தோட வல்லது.

ஈயில்லாத ஈத்தூண்டில்

இம்மீனைப் பிடிக்கப் பயன்படும் கருவியை ‘ஈத்தூண்டில்’ எனலாம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமோ இரையின் கனமோ கயிற்றை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் முறை தலைகீழானது. முள்ளில் கட்டிய இறகும் நூலும் காற்றில் பறக்கும் அளவு இலேசானவை. ஆகையால் கயிற்றையே கனமாகச் செய்து, கோலை முன்னும் பின்னும் வீசி, கயிற்றின் கனத்தால் முள்ளைச் சேய்மைக்குச் செலுத்துகின்றனர். கனத்த கயிற்றுக்கும் முள்ளுக்கும் இடையே, மீனின் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய நரம்பு ஒன்று இணைந்திருக்கும்.

இக்கலை பழைமையானது. மக்கெடோனியா நாட்டார் செந்நிறக் கம்பளி நூலையும் சேவலின் இறகையும் முள்ளில் கட்டி, ஈயைப் போலக் காட்டி ஆற்று மீனை ஏமாற்றிப் பிடித்ததை, கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் ஏலியன் என்னும் நூலாசிரியர் எழுதி வைத்தார். நெடுங்காலம் குளிர்நாட்டு ஆறுகளுக்கே உரியதாக இருந்த இக்கலை, இருபதாம் நூற்றாண்டில் வெப்பக் கடல்களுக்குப் பரவியது. அமெரிக்கரான ஜோ புரூக்ஸ் 1950இல் வெளியிட்ட நூல் உவர்நீர் ஈத்தூண்டிலைப் பலர்க்கும் அறிமுகப்படுத்தியது.

கடலில் இப்போலி இரை ஈயின் வடிவில் அமைவதில்லை. இறாலையும் நண்டையும் போல அமைகிறது. ஆயினும் பழைய பெயரே வழங்குகிறது. எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’ என்னும் சொல் தேங்காய் எண்ணெய்க்கும் பெயரானது போன்றதே இதுவும்.

நிழலைத் தேடும் கண்

நீர் ஏறும்போது இக்காரி, காயலின் ஆழமற்ற மணல்வெளிகளுக்கு இரை தேடி வரும். அதன் செதில்கள் கண்ணாடி போன்றவை. சுற்றியுள்ள மணலின் நிறத்தையே அவை திருப்பிக் காட்டும். எனவே மீன் கண்ணுக்குத் தெரியாது. மணலில் நகரும் அதன் நிழல்தான் தெரியும். பட்டணத்திலிருந்து வந்த விருந்தினர்க்கு அந்நிழலும் எளிதில் புலப்படுவதில்லை. தீவில் பிறந்த வழிகாட்டியின் கண்ணே அதனைக் காண்கிறது. “பத்து மணி, ஐம்பது அடி” என்று அவர் மெல்லக் கூறுவார். நேர் எதிரே பன்னிரண்டு மணி என்று கொண்டால், சற்று இடப்புறமாக ஐம்பதடித் தொலைவில் மீன் உள்ளது என்பது அதன் பொருள். விலையுயர்ந்த கோல் விருந்தினருடையது. விலைமதிக்க இயலாத கண் தீவினருடையது. வழிகாட்டிகளுக்கும், படகோட்டிகளுக்கும், விடுதிப் பணியாளர்க்கும் ஊதியம் கிடைப்பது இக்கண்ணின் பயனே ஆகும்.

தராவாவின் பாடம்

ஆனால் இச்செல்வம் அழியாச் செல்வம் அன்று. இதற்குச் சான்று அதே நாட்டிலேயே உள்ளது. கிரிபாசின் தலைநகரான தராவாத் தீவில் இக்காரி மக்களின் முதன்மை உணவு மீனாக விளங்கியது. முழுநிலவை ஒட்டிய நாள்களில் அம்மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, சிறு தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்கள் வழியே காயலை விட்டு வெளிக்கடலுக்குச் சென்று முட்டையிடும் என்பதை மூத்த மீனவர் நன்கறிந்திருந்தனர். தீவுகளை இணைக்கக் கட்டப்பட்ட சாலைக்கரைகள் அக்கால்வாய்களுள் பலவற்றை அடைத்தன. நைலான் வலைகளும் பொறிப்படகுகளும் பெருகின. முட்டையிடச் சென்ற கூட்டமே வலையில் விழுந்தது. முன்பு நிகழ்ந்த முட்டையிடும் பயணங்கள் பெரும்பாலும் அற்றுப்போயின என்பதை ஜோஹான்னஸ், யீட்டிங் என்னும் ஆய்வாளர் இருவர் முதிய மீனவர்களின் வாய்மொழியால் அறிந்து 2000ஆம் ஆண்டில் பதிவு செய்தனர்.

இக்காரியின் பிறப்பை அறிந்தோர்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். அம்மீன் வெளிக்கடலில் முட்டையிடும். குஞ்சு, மீன் வடிவில் பிறப்பதில்லை. கண்ணாடி நாடா போன்ற உருவில் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, பின்னர் சுருங்கி மீனாக மாறுகிறது. இத்தனை இடர்களையும் கடந்து கரை சேர்வன மிகச் சிலவே. ஆகவே முட்டையிடச் செல்லும் ஒரு கூட்டத்தை வளைப்பது, அறுவடைக்குப் பதிலாக விதைநெல்லையே குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

கிரிடிமாட்டியில் 1985இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. நெருக்கடி மிகுந்த தராவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேற, 2020இல் அத்தொகை ஏழாயிரத்தைத் தாண்டியது. வந்தவர்க்கும் உணவு வேண்டும்; இக்காரியும் அவர்கள் உண்டு பழகிய மீனே. “விருந்தினர் விளையாடுவதற்காக நாங்கள் பட்டினி கிடப்பதோ?” என்று ஒரு தாய் கேட்டால் அக்கேள்வியில் பிழை காண இயலாது. “மீன் அற்றுப்போனால் எங்கள் வேலை என்னாகும்?” என்று ஒரு வழிகாட்டி கேட்டால் அதிலும் பிழை இல்லை.

விடுதலும் ஒரு கலை

சில நாடுகள் சட்டத்தால் விடை காண முயன்றன. நடு அமெரிக்காவின் பெலிஸ் நாடு 2009இல் இம்மீனினத்தையும் வேறு இரு மீன்களையும் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என விதித்தது. புளோரிடா 2013 முதல் இம்மீனினத்திற்கு அவ்வாறே விதித்தது. ஆயினும் மீனையே முதன்மை உணவாகக் கொண்ட தீவில் முழுத் தடை எளிதன்று. முட்டையிடும் நாள்களிலும் அவ்வழிகளிலும் வலை வீசாதிருத்தல், மற்ற நாள்களில் அளவோடு பிடித்தல் என்பனவே அங்கு நடைமுறைக்கு ஒத்தவை.

விருந்தினர்க்கும் பொறுப்பு உண்டு. விட்ட மீனெல்லாம் பிழைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. நெடுநேரம் நீருக்கு வெளியே வைத்திருந்த மீன் நிலைதடுமாறிச் சுறாவுக்கு இரையாவதைப் பஹாமாஸ் தீவுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எதிர்க்கொக்கி இல்லாத முள்ளைப் பயன்படுத்துதல், கையை நனைத்துக்கொண்டு தொடுதல், படம் எடுக்கும் ஆசையில் மீனைத் தூக்கி நிறுத்தாமை ஆகியவை இக்கலையின் அறங்கள் எனலாம்.

தராவாவின் முதியோர் அறிந்திருந்தது நிலவின் நாளும் மீனின் வழியும் ஆகும். சாலைக்கரை கட்டுமுன் அவர்களைக் கேட்டிருந்தால் சில கால்வாய்களாவது திறந்திருக்கும். கிரிடிமாட்டியில் இன்னும் கேட்பதற்குக் காலம் இருக்கிறது. மணலில் நகரும் நிழலும் இருக்கிறது.