செஞ்சி கோட்டையில் ராத்திரி தங்கலாமா? வேனில் வருகிறவர்கள் கவனத்துக்கு

செஞ்சி,

அடுப்பு, பாத்திரம், அரிசி, பாய் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராக சுற்றி வருவது நம்ம ஜனங்களுக்கு புதுசு இல்லை. திருவண்ணாமலை, மேல்மலையனூர் போகிறவர்கள் வழியில் செஞ்சி கோட்டையை பார்த்ததும் வண்டியை நிறுத்துகிறார்கள். "இங்கேயே சமைச்சு சாப்பிட்டு, ராத்திரி படுத்துட்டு காலையில கிளம்பலாமே" என்ற ஆசையும் வருகிறது. ஆனால் கோட்டைக்குள் அதற்கு அனுமதி கிடையாது.

8 ஆண்டு கூடாரம்

1677-ல் சிவாஜி இந்த கோட்டையை பிடித்தார். 1690-ல் முகலாய தளபதி சுல்பிகார் கான் படையோடு வந்து முற்றுகை போட்டார். சுமார் 8 ஆண்டு காத்துக்கிடந்து 1698-ல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. இப்போது ஒரு ராத்திரி கூட அங்கே கூடாரம் போட முடியாது.

ஏன் தடை?

கோட்டை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ளது. 2025-ம் ஆண்டு ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னமாக அறிவித்தது. அதில் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான்.

அடுப்பு மூட்டினால் பழைய சுவர்கள் கரி பிடித்துவிடும். மிச்சம் மீதி சோறு கிடந்தால் குரங்குகள் கூட்டமாக வந்துவிடும். சுவரில் பெயர் எழுதி பாழாக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

காலையிலேயே ஏறுங்க

ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறினால் பாறை சுடும். குடிதண்ணீரை கீழே இருந்தே எடுத்துப் போக வேண்டும். மாலையில் கோட்டையை மூடிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் வந்தால் உச்சிக்கு போய் திரும்ப நேரம் பத்தாது.

எங்கே படுப்பது?

செஞ்சி டவுனில் லாட்ஜுகள் இருக்கின்றன. செலவை மிச்சம் பிடிக்க இருட்டில் ரோட்டோரம் வேனை நிறுத்தி தூங்குவது ஆபத்து. பின்னால் வேகமாக வரும் லாரி டிரைவருக்கு நிற்கிற வண்டி தெரியாமல் போகலாம். வழியில் சமைத்தால் நெருப்பை தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு கிளம்ப வேண்டும்.

அமாவாசை அன்று வருகிறவர்கள் காலையில் கோட்டை, மாலையில் சிங்கவரம் ரங்கநாதர் கோவில் பார்த்துவிட்டு, சுமார் 20 கி.மீ. தூரத்தில் உள்ள மேல்மலையனூருக்கு போகலாம். அங்காளம்மன் கோவிலில் அன்று ராத்திரி ஊஞ்சல் உற்சவம் நடக்கும். கூட்டம் அலைமோதும் என்பதால் குழந்தைகள் கையை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது.