மெய்யியல் என்றால் என்ன? கிளேட்டனிலிருந்து ஒரு விளக்கம்

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் எம்மவர் வீடுகளில் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற சொற்களே அடிபடும். பிள்ளை மெய்யியல் படிக்கப்போவதாகச் சொன்னால், "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாடம் என்னவென்று முதலில் தெரியவேண்டும். கிளேட்டனில் வெலிங்டன் வீதியிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த இருவரை வைத்தே அதை விளக்கலாம்.

ஊரில் உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' படித்தவர்கள் இத்துறையின் ஒரு கிளையை ஏற்கெனவே தொட்டவர்கள். சொல்லும் காரணங்களிலிருந்து முடிவு உண்மையில் பெறப்படுகிறதா என்று பார்ப்பது அளவையியல். இது வெள்ளைக்காரரின் பாடம் என்று எண்ணத் தேவையில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், மாற்றாரின் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. எதிராளியின் கட்சியை முதலில் எடுத்துவைக்கும் இந்தப் பழக்கம் எமது சங்கக் கூட்டங்களில் அருகிவிட்டது.

எதை அறிவு என்று சொல்லலாம் எனக் கேட்பது அறிவாராய்ச்சியியல். உலகில் அடிப்படையாக என்ன இருக்கிறது எனக் கேட்பது பௌதீகவதீதம். இரண்டும் சந்திக்கும் ஓர் உதாரணத்தை, அப்போது மொனாஷில் பேராசிரியராக இருந்த பிராங் ஜாக்சன் 1982இல் எழுதினார். மேரி என்ற விஞ்ஞானி கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வாழ்கிறாள். கண்ணும் மூளையும் நிறத்தை எப்படி உணர்கின்றன என்பது பற்றிய அத்தனை தகவலும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் வெளியே வந்து சிவப்பைக் காண்கிறாள். புதிதாக எதையாவது அறிகிறாளா? அறிகிறாள் என்றால், பௌதிகத் தகவல்கள் மட்டும் உலகின் முழுக்கதை அல்ல என்றார் ஜாக்சன். பின்னாளில் அவரே அந்த முடிவைக் கைவிட்டார். விவாதம் மட்டும் ஓயவில்லை.

இங்கே பிறந்த எமது பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1983உம் 2009உம் அதற்கு ஆண்டு, இடம், எண்ணிக்கையோடு தெரியும். அம்மம்மா விட்டுவந்த, கூரையில்லாத வீட்டின் முற்றத்தில் முதன்முறை நிற்கும்போது அது அறிவது இன்னொரு தகவலா, வேறு ஏதாவதா? "உனக்கு இதெல்லாம் விளங்காது" என்று பெற்றோர் சொல்வது சரியா என்பதும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

எது சரி, எது பிழை என்று ஆராயும் ஒழுக்கவியலில் மொனாஷின் பெயர் உலகறிந்தது. 1977 முதல் 1999 வரை அங்கே படிப்பித்த பீற்றர் சிங்கர், 1938இல் வியன்னாவிலிருந்து தப்பிய யூதப் பெற்றோரின் மகன், மெல்பேர்னில் பிறந்தவர். 1971இல் கிழக்கு வங்காள அகதிகள் இந்தியாவுக்குள் குவிந்தபோது அவர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அது வெளிவந்தது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. உடுப்பு சேறாகிவிடும் என்று யாராவது பார்த்துக்கொண்டு நிற்போமா? அப்படியானால் தொலைவில் சாகும் குழந்தையை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? தூரம் கடமையைக் குறைக்காது என்பது அவருடைய வாதம்.

மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்பும் எமக்கு இதன் முற்பாதி புதிதல்ல. பிற்பாதிதான் குத்தும். தூரம் பொருட்டல்ல என்றால் உறவும் பொருட்டல்லவா? மச்சாளின் மகனுடைய படிப்புச் செலவா, முல்லைத்தீவில் முகம் தெரியாத பிள்ளையின் மருந்தா, வங்கதேச முகாமிலுள்ள ரோகிஞ்சாக் குழந்தையின் சோறா? சிங்கரின் கணக்கில் தேவை கூடியவருக்கே முதலிடம். சொந்தமே தனிக் கடமைகளை உண்டாக்குகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம் சாய்பவன். ஆனாலும் எமது காசு எப்போதும் எமது ஊர் வேலியோடு நின்றுவிடுவதற்கு அந்தப் பதில் போதாது.

கலையில் அழகு எது என்று கேட்கும் அழகியலும் உண்டு. எல்லையை மூட ஓர் அரசுக்கு உரிமை உண்டா, வாசலுக்கு வந்த அகதிக்கு அது என்ன கடன்பட்டிருக்கிறது என்று கேட்பது அரசியல் மெய்யியல். அதன் விடைக்காக விசாவோடு காத்திருப்பவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

விக்டோரியாவில் வி.சி.ஈ.யிலேயே மெய்யியலை ஒரு பாடமாக எடுக்கலாம். எல்லாப் பள்ளிகளிலும் அது இல்லை, முன்கூட்டியே விசாரியுங்கள். வேலை பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு இன்னொரு செய்தி: மொனாஷில் கலைப்பட்டத்தைச் சட்டத்தோடு சேர்த்து இரட்டைப் பட்டமாகப் படிக்கலாம், அந்தக் கலைப்பட்டத்தில் மெய்யியலை எடுக்கலாம்.